பரங்கிக்காயில் ஒரு மீன்

நகம் பட்டதும் பரங்கிப் பிஞ்சின் தோல் கசிகிறது, பூங்காவனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மீனைக் கீறுகிறாள், விரல்கடை நீளம், வால் சற்றுக் கோணல், காய் பருக்கப் பருக்க மீனும் கூடவே பருக்கும் என்று சின்ன வயதில் தம்பி ஏகாம்பரமும் அவளும் கண்டுபிடித்த வித்தை, அப்போது அப்பா திட்டுவார், இப்போது கொல்லை தம்பியுடையது, அவன் பார்க்காதபோது கீறிவிட்டு ஒன்றுமறியாதவள் போல வந்தவாசிக்குப் பஸ் ஏறினாள். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுடைய காய்கறிக் கடை, அவளுக்குக் காய் வருவது சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து, தம்பியின் காய் போவதும் கோயம்பேட்டுக்கு, முன்பு வந்தவாசியிலேயே மொத்தச் சந்தை கூடிய இடத்தில் இப்போது கம்பெனி பஸ்கள் நிற்கின்றன, ஒரகடம் ஒரகடம் என்று பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலைக்கு அள்ளிக்கொண்டு போகின்றன, கட்டுப்படி ஆவலன்னா பொங்கலோட கடைய மூடு, கம்பெனி கேன்டீன்ல ஆள் கேக்குறாங்க என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், தன் கடையை விட்டு இன்னொருத்தன் சட்டியைக் கழுவுவதா.

ஏண்டா, உன் காய எனக்கே குடுத்தா இன்னா என்று ஆடியிலேயே தம்பியைக் கேட்டிருந்தாள், உனக்கு நாலு காய் போதும்க்கா, மெட்ராஸ்காரன் லோடோட தூக்கிக்கிறான், அங்க போனது இங்க எங்க திரும்பி வரப்போவுது என்றான், வருகிறதா இல்லையா, அந்தக் குறுகுறுப்புதான் அவள் நகத்துக்கு வந்தது. காய் லாரி ஏறிய பிறகு கண்ணை மூடினால் மீன் நீந்துகிறது, செங்கல்பட்டு, தாம்பரம், அவள் பார்த்தேயிராத கோயம்பேடு, யார் யார் தோளிலோ ஏறி இறங்குகிறது, அங்கே யாராவது அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்களா, ஒருநாள் காலையில் கடை வாசலில் இறக்கிய சாக்கைப் பிரித்தால் உள்ளங்கை நீளத்துக்கு மீன், அதே கோணல் வால், ஐயோ என்று கத்தியேவிட்டாள், காயை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பி ஊருக்குப் பஸ் ஏறினாள்.

ஏகாம்பரம் காயைத் தட்டிப் பார்க்கிறான், நல்லா முத்தின காயா கீதே, எந்த ஊர்க் காய்க்கா என்கிறான், அவள் அதைத் திருப்புகிறாள், அவன் மீனைப் பார்க்கிறான், அக்காவைப் பார்க்கிறான், சிரிக்க வாய் திறந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை, நான் வித்ததையா நீ வாங்குன என்றான். கிணத்தோரக் கொடி மட்டும் எனக்குக் குடுடா, கடைய மூட மாட்டேன் என்றாள். அவன் கிணற்றோரம் போய்க் குனிந்தான், இலைகளை விலக்கி ஒவ்வொரு பிஞ்சாகத் தேடி நகத்தை வைத்தான், இதெல்லாம் லாரி ஏறாதுக்கா என்றான், தோல் கசிகிறது, மீன் மீனாக வந்துகொண்டிருக்கிறது, சின்ன வயதிலும் அவன் மீனுக்குத்தான் வால் நேராக இருக்கும்.