ஊஞ்சல் பாட்டு முதலிடம் வந்த வாரம்

இன்பமேரி சென்னைக்குப் போய் சினிமாவுக்குப் பாடிவிட்டு வந்தவள் என்பது மூணாறு மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். கொழுந்து பறிக்கிறவள்தான். ஆனால் கோயிலில் பூசைப் பாட்டை அவள் எடுத்துக் கொடுத்தால், பின்வரிசையில் தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

எழுபத்து நாலாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட் ஆபீஸ் பெரிய கிளார்க்கின் மைத்துனர் வேதமுத்து வந்திருந்தார். சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசிக்கிறவர். காலைப் பூசையில் இன்பமேரியின் குரலைக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் அவள் புருஷன் சூசையப்பனைத் தேடிப் பிடித்தார். இந்தக் குரலை இந்தக் குளிரில் வைத்துக்கொண்டு என்னய்யா செய்கிறீர்கள் என்று கேட்டார். சூசையப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மிஷின் பார்க்கிறவன். மிஷின் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது என்று அவனே சொல்லிக்கொள்வான். அவர் கேட்டதை மட்டும் அவன் ஒரு எழுத்து விடாமல் கேட்டுக்கொண்டான்.

கோடை தொடங்குமுன் சென்னையிலிருந்து தந்தி வந்தது. இரண்டு பேரும் புறப்பட்டுப் போனார்கள். ஸ்டுடியோ கேட்டுக்கு உள்ளே சூசையப்பனை விடவில்லை. அவன் எதிரே ஒரு வேப்பமரத்தடியில் காலையிலிருந்து நின்றான். உள்ளே இன்பமேரி ஒரு கண்ணாடி அறையில் நின்று பாடினாள். படத்தில் கதாநாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாடுகிற பாட்டு. பாட வேண்டிய பாடகிக்குக் காய்ச்சல் என்றும், ஊட்டியில் படப்பிடிப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றும் யாரோ பேசிக்கொண்டார்கள். பாடி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், "ஷூட்டிங்குக்கு இது போதும்" என்றார். அதைப் பாராட்டு என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு புடவையும் பஸ் செலவும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் சூசையப்பன், எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தான். அந்த அறையில் ரொம்பக் குளிராக இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

எஸ்டேட் கடைத்தெருவில் சுருளிவேலின் டீக்கடையில் ஒரு பெரிய ரேடியோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பில் 'வாரம் பத்து' என்று ஒரு நிகழ்ச்சி. கேட்பவர்கள் தபால் கார்டு போட்டுத் தேர்ந்தெடுத்த பத்துப் பாட்டுகளைப் பத்தாம் இடத்திலிருந்து தொடங்கி முதலிடம் வரைக்கும் போடுவார்கள். பத்திலிருந்து இரண்டு வரை படத்தின் பெயர் மட்டும்தான். முதலிடத்துப் பாட்டுக்குத்தான் பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாம் சொல்லுவார்கள். எந்தப் பாட்டு ஏறியது, எது இறங்கியது என்று சுருளிவேல் கடைக் கதவின் தகரத்தில் சாக்பீஸால் எழுதி வைப்பான். அடுத்த ஞாயிறு வரைக்கும் டீ குடிக்க வருகிறவர்களுக்கு அதுதான் பேச்சு.

ஜூலை மழையில் ஒரு ஞாயிறு ஊஞ்சல் பாட்டு ஒன்பதாம் இடத்தில் வந்தது. படத்தின் பெயரைக் கேட்டதுமே சூசையப்பன் எழுந்து நின்றுவிட்டான். இன்பமேரி கடை வாசலில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். வாத்தியம் ஓடி முடிந்து குரல் வந்தது. அது அவள் குரல் இல்லை.

முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது வரியின் கடைசியில் அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அந்தக் குரல் நிற்காமல் போனது. மெல்லிய, பழகிய குரல். அவள் திரும்பிச் சூசையப்பனைப் பார்த்தாள். அவன் எல்லார் முன்னாலும் அழுதுகொண்டிருந்தான். அவனைச் சுற்றி ஆட்கள் நின்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரேடியோவுல குரல் கொஞ்சம் மாறித்தான் கேக்குது மதினி. ஆனா ஒங்க குரல் எனக்குத் தெரியாதா" என்றாள்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒன்பதில் வந்த பாட்டு இரண்டு வாரத்தில் போய்விடும், போனபின் தனியாக அவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பாட்டு போகவில்லை. அடுத்த வாரம் ஏழுக்கு வந்தது. சூசையப்பன் மூணாறுக்குப் போய்க் கட்டுக் கட்டாகத் தபால் கார்டு வாங்கி வந்தான். லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேர் பெயரிலும் போட்டான். எழுதத் தெரியாதவர்களுக்கு அவனே எழுதினான். பக்கத்து எஸ்டேட்டுகளுக்கும் போய்ச் சொல்லி வந்தான். மூன்றாம் வாரம் பாட்டு அசையாமல் ஏழிலேயே நின்றபோது அவன் சாப்பிடவில்லை. இன்பமேரி அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டாள். அதற்கடுத்த வாரம் ஒரே தாவலாக நாலுக்கு ஏறியது. அதுவரை நாலில் இருந்த தாலாட்டு எட்டுக்கு விழுந்தது. சுருளிவேல் சாக்பீஸால் ஊஞ்சல் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டான்.

சூசையப்பனின் நடையே மாறிவிட்டது. ஃபீல்டு ஆபீசர் அவனை நிறுத்திப் பேசினார். முதலிடத்துக்கு வந்து பெயரைச் சொல்லிவிட்டால் சென்னையில் நாலு பேர் தேடி வருவார்கள், அப்புறம் இந்த மழையும் அட்டைக்கடியும் நமக்கு எதற்கு என்று அவன் அவளிடம் சொன்னான். குழந்தை இல்லாத வீடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வருங்காலத்தைப் பற்றி அவன் பேசியதே இல்லை. இப்போது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதை மட்டுமே பேசினான். அவள் விறகைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆகஸ்டில் பாட்டு இரண்டாம் இடத்துக்கு வந்தது. முதலிடத்தில் ஒரு சோகப் பாட்டு பல வாரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது நகராது என்று சிலர் சொன்னார்கள். இன்பமேரி அந்தச் சோகப் பாட்டுக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளால் தாங்க முடியவில்லை. சூசையப்பன் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"அது என் குரல் இல்லங்க. வேற யாரையோ பாட வச்சுட்டாக."

அவன் முதலில் சிரித்தான். ரேடியோவில் குரல் மாறித்தான் கேட்கும் என்றான். அவள் மூச்சு வாங்கிய இடத்தைச் சொன்னாள். ஷூட்டிங்குக்கு இது போதும் என்று அவர்கள் சொன்னதையும், படப்பிடிப்புக்கு மட்டும்தான் தன் குரல், படத்துக்கு வேறு குரல் என்பதே அதற்கு அர்த்தம் என்று இப்போதுதான் புரிகிறது என்பதையும் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டான். முதல் நாளிலிருந்தே என்றாள். அவன் அடிப்பான் என்று நினைத்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நாளைக்கு அது மேல வரலைன்னா தப்பிச்சோம்" என்றான்.

மறுநாள் போகாமல் இருக்க முடியவில்லை. போகவில்லையென்றால் ஆள் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். கடைக்கு உள்ளேயும் வெளியேயும் கூட்டம். பக்கத்து எஸ்டேட்டிலிருந்துகூட ஜீப்பில் வந்திருந்தார்கள். சூசையப்பனுக்கு நாற்காலி போட்டிருந்தது. அவன் உட்காரவில்லை. இன்பமேரி அவன் பக்கத்திலேயே நின்றாள். அவ்வளவு கூட்டத்திலும் அந்தப் பாட்டு கீழே இறங்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

பத்தாம் இடத்தில் ஒரு புதுப்பாட்டு வந்தது. ஒன்பதில் ஒரு பக்திப் பாட்டு, எட்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியிருந்த தாலாட்டைத் தூக்கியெறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தது. ஆறு, ஐந்து என்று வரவர இன்பமேரி ஒவ்வொன்றிலும் ஊஞ்சல் பாட்டின் வாத்தியம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நாலில் ஒரு கிளப் டான்ஸ் பாட்டு. மூன்றில் ஒரு தெம்மாங்கு, போன வாரம் ஆறில் இருந்தது. ரேடியோ கரகரத்தது. சுருளிவேல் குமிழைத் திருகிச் சரிசெய்தான். இரண்டாம் இடத்துக்கு அந்தச் சோகப் பாட்டு வந்தது.

பாட்டு முடியும் வரைக்கும் யாரும் பொறுக்கவில்லை. கடை அதிர்ந்தது. சூசையப்பனைத் தூக்கப் பார்த்தார்கள். அவன் கையால் எல்லாரையும் விலக்கிவிட்டு, மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெயரைக் கேட்கவேண்டும், சத்தம் போடாதீர்கள் என்று முத்துப்பேச்சி எல்லாரையும் அடக்கினாள். அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். படத்தின் பெயர், எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர். பிறகு பாடியவர் பெயர். அப்போதுதான் பெயரெடுத்து வந்துகொண்டிருந்த ஒரு பாடகியின் பெயர். ஒரு கரகரப்பும் இல்லாமல், மழைத்தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கேட்டது. பாட்டு முழுவதும் ஓடியது. யாரும் நகரவில்லை. முடிந்ததும் ஒவ்வொருவராக, குடை எடுக்கிற மாதிரி, பீடி பற்றவைக்கிற மாதிரி வெளியேறிப் போனார்கள்.

முதல் வாரம் எல்லாரும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ரேடியோக்காரர் தப்பாக வாசித்துவிட்டார் என்று முத்துப்பேச்சி எல்லாரிடமும் சொன்னாள். அடுத்த ஞாயிறும் பாட்டு முதலிடத்திலேயே இருந்தது, அதே பெயரைத்தான் சொன்னார்கள். அதன்பிறகு முத்துப்பேச்சி அதைப் பற்றிப் பேசவில்லை. சூசையப்பன் பெரிய கிளார்க்கைப் போய்ப் பார்த்தான். மைத்துனர் இப்போது பம்பாய்ப் பக்கம் போய்விட்டார், இதில் என்னை இழுக்காதே என்று அவர் சொல்லிவிட்டார். பாடியதற்குச் சாட்சி சொல்ல எஸ்டேட்டில் ஒருவரும் இல்லை. பாடவில்லையென்றால் சென்னைக்கு எதற்குப் போனாள், புடவை யார் எடுத்துக் கொடுத்தது என்று பேச்சு கிளம்பியது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். கோயிலில் அவள் பாட்டு எடுத்துக் கொடுத்தபோது கூடச் சேர்ந்து பாடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு ஞாயிறு அவள் வாயைத் திறக்கவில்லை. சாமியார் வேறொருத்தியைப் பாடச் சொன்னார். அத்தோடு அது போயிற்று.

தொழிற்சாலையில் காளிச்சாமி என்கிற ஒருவன், கேட்டுக்கு வெளியே நின்றவனுக்கு உள்ளே நடந்தது எப்படித் தெரியும் என்று மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டான். சூசையப்பன் அவனை ஸ்பானரால் அடித்தான். காளிச்சாமியின் தாடை உடைந்தது. விசாரணை முடியும் வரைக்கும் வேலைக்கு வராதே என்றார்கள். அவன் காத்திருக்கவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையையும் அதோடு கூடிய லயத்து வீட்டையும் விட்டு இறங்கினான். ஆனைக்கரைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கூலிவேலை கிடைத்தது. அவர்கள் சாமான் ஏற்றிய லாரி கடைத்தெருவைக் கடந்தபோது சுருளிவேல் கடைக்கு உள்ளே போய்விட்டான்.

ஏலத்தோட்டத்தில் இவர்களைத் தெரிந்தவர்கள் இல்லை. சூசையப்பன் குடிக்கத் தொடங்கியிருந்தான். குடித்தாலும் சத்தம் போடுவதில்லை, உட்கார்ந்தே இருப்பான். இன்பமேரி ஏலக்காய் பறித்தாள். குனிந்து குனிந்து முதுகு வலித்தது. ஊஞ்சல் பாட்டு அங்கேயும் வந்துவிட்டிருந்தது. கல்யாண வீட்டு மைக்கில் போட்டார்கள். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் பாடினார்கள். ஐந்து வயசுப் பிள்ளைகள்கூட ராகம் பிசகாமல் பாடின.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சூசையப்பன் கேட்டான்.

"மேரி, கோவிச்சுக்காத. நீ நெசமாவே பாடுனியா?"

கோபம் இல்லாமல்தான் கேட்டான். ஆமாம் என்று சொன்னால் நம்பிவிடத் தயாராக இருக்கிற முகம். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. அந்தப் பாட்டை இப்போதே அவனுக்கு முன்னால் முதல் வரியிலிருந்து பாடிவிடலாமா என்று தோன்றியது. பாடி என்ன ஆகப்போகிறது. அதை யார் வேண்டுமானாலும் பாடுவார்கள். அந்தக் கண்ணாடி அறையில் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள் என்பதுகூட அவளுக்கு இப்போது சரியாக நினைவில்லை. ரேடியோவில் கேட்டுக் கேட்டு, அவள் மனசுக்குள்ளும் அந்த இன்னொரு குரல்தான் பாடிக்கொண்டிருந்தது.

பாடினேன் என்றுதான் சொன்னாள். சொன்னபோது அவளுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து கை கழுவப் போனான். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.