பின் சீட்டில் பெட்ரோல் வாசனை

பின் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த மூடியைக் கழற்றி, பெட்ரோல் டாங்கிலிருந்து பம்பை வெளியே எடுத்ததும் மெக்கானிக் ஹனீஃபா முகத்தைச் சுளித்தார்.

"இன்னா சார் இது, காப்பி வடிகட்டுன துணி மாதிரி கீது."

பம்போடு ஒட்டியிருந்த ஃபில்டர் கறுத்துப் போயிருந்தது. அடையாறு பாலம் ஏறும்போதெல்லாம் அல்போன்ஸின் பழைய சான்ட்ரோ கார் திக்கித் திணறியதற்குக் காரணம் அதுதான். புது ஃபில்டர் மாட்ட அதிக நேரம் ஆகவில்லை. மூடிக்கு அடியில் உட்கார வேண்டிய ரப்பர் வளையம்தான் மக்கர் செய்தது. பெட்ரோலில் ஊறிப் பெருத்து, பள்ளத்தில் பொருந்தாமல் எழும்பிக்கொண்டே இருந்தது.

"ரிங் வாங்க மறந்துட்டேன் சார். எம்மேலதான் தப்பு. நாளிக்கு மத்தியானம் புச்சு போட்டுத் தரேன். அதுவரிக்கும் வண்டிய எடுக்காத."

"நாளைக்குக் காலைல முதல் வெள்ளி ஹனீஃபா. வண்டி வேணும்."

"ஆட்டோல போ சார். ஒருநாள் ஆட்டோல வந்தா சாமி கோச்சிக்குமா?"

அல்போன்ஸ் சிரிக்கவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பத்தை மர்சலின் டீச்சர் எடுத்துப் போவார். வண்டி ஓட்டுவது அல்போன்ஸின் ஊழியம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை என்று பங்குக் கோயிலில் பலரிடம் சொல்லியிருக்கிறார். பழைய வளையத்தையே அழுத்தி மாட்டச் சொன்னார். ஹனீஃபா அரைமனதோடு மாட்டினார்.

"ஜன்னல தொறந்தே ஓட்டு சார். பின்னாடி யாரையும் குந்த வெக்காத."

மறுநாள் காலை டீச்சர் நற்கருணைச் சிமிழை மார்போடு அணைத்தபடி வழக்கம்போலப் பின் சீட்டில் ஏறினார். முன்னால் உட்காரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கண்ணாலேயே கேட்பார். நற்கருணை வண்டியில் இருக்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பங்கில் அப்படி ஒரு பழக்கம். கிரீன்வேஸ் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. சிமிழ் நனையக் கூடாதே என்று அல்போன்ஸ் கண்ணாடிகளை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. முதலில் லேசாக, பிறகு தொண்டையில் கசக்கிற அளவுக்கு. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் டீச்சர் கண்களை மூடியிருந்தார். புடவைத் தலைப்பு மூக்கருகே இருந்தது. ஜெபம் செய்கிறார் என்று அல்போன்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டி பாலத்தில் திக்காமல் ஏறியது. அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை. பேசக் கூடாது என்ற பழக்கம் இன்று தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நினைத்ததும் கண்ணாடியிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார்.

அடையாறில், இடுப்பு முறிந்து படுத்திருந்த தாயம்மாவின் வீடு மாடியில். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உதடு வெளுத்திருந்தது. கட்டில் அருகே நின்று, "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார். பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்த ஜெபம் அது. படுத்திருந்த தாயம்மாதான் விட்ட இடத்திலிருந்து எடுத்து, ஒன்றுமே நடக்காததுபோல் முடித்து வைத்தாள்.

எல்லாம் முடிந்து, காலிச் சிமிழைப் பைக்குள் வைத்த பிறகுதான் டீச்சர் பேசினார்.

"நேத்து கோயில் ஜெனரேட்டருக்கு பெட்ரோல் ஊத்தும்போது கேன் பிடிச்சேன், அல்போன்ஸ். சரியா கழுவலை போல. வழி முழுக்க அதே நாத்தம். அந்தக் கையோட ஆண்டவரைத் தொட்டிருக்கேன்." விரல்களை முகர்ந்து பார்த்தார். "ஜெபம் வேற மறந்துபோச்சு. போதும். ஃபாதர்கிட்ட சொல்லிடறேன். வேற யாராவது செய்யட்டும்."

அல்போன்ஸ் தலையசைத்திருந்தால் போதும். மத்தியானம் புது வளையம் வந்துவிடும், வாசனையும் போய்விடும். டீச்சர் மறுபடியும் விரல்களை முகர்ந்தார்.

"உங்க கையில ஒண்ணும் இல்ல டீச்சர்." என்றார் அல்போன்ஸ். "வண்டிதான். மூடி சரியா அடைக்கலை. நேத்தே தெரியும். எடுக்காதீங்கன்னு மெக்கானிக் சொன்னாரு. நான்தான் கேக்கலை. வர்ற வழியில எனக்கும் வாசனை வந்துச்சு. சும்மா இருந்துட்டேன்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று தெரியவில்லை.

கட்டிலிலிருந்து தாயம்மா சிரித்தாள். "அதானே பாத்தேன். டீச்சர இன்னாத்துக்கு மாத்தணும்? நீ வண்டிய மாத்து நைனா." பிறகு தலையைத் திருப்பி, மெதுவாகக் கேட்டாள்: "அடுத்த மாசம் வருவீங்கல்ல டீச்சர்?"

தாயம்மாவின் மருமகள் கொண்டுவந்து வைத்த டீ டீச்சர் முன்னால் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதில் பாதியை டபராவில் ஊற்றி அல்போன்ஸ் பக்கம் நகர்த்தினார். அல்போன்ஸ் எடுக்கவில்லை. அவர் எடுக்கட்டும் என்பதுபோல, டபராவின் விளிம்பிலிருந்து டீச்சரின் விரலும் விலகவில்லை. இருவருக்கும் நடுவில் டீயின்மேல் மெல்ல ஆடை படியத் தொடங்கியது.