மாமியாரை எழுப்பிய சனிக்கிழமை

உங்கள் சின்னவன்தான் பேசுகிறேன். வயது இருபத்து நான்கு, அம்மா கணக்கில் இன்னும் பதினான்கு. இருப்பது அக்கா வீட்டுச் சமையலறையில், ஜன்னலோரம். நான் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்.

நானும் அத்தானும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லையாம். பேசாமல் இருந்தது உண்மை. இப்போது பேசுகிறோம். நடுவில் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டிவிடுவீர்கள்.

என்ன வேலை என்று அப்பா கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நழுவிவிடுவேன். நானும் அத்தானும் இருப்பது ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அங்கே சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. திருடன் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று அவற்றில் அடிக்கடி தெரியவரும். அதை அடைக்க பேட்ச் என்று ஒன்று வரும். எந்த சர்வருக்கு எந்த பேட்ச் போட்டாயிற்று, எதற்குப் பாக்கி என்று கணக்கு வைப்பதுதான் என் வேலை.

சர்வர்களுக்கு அத்தான் உறவுமுறையில் பெயர் வைத்திருக்கிறார். எதையும் ஆற அமரச் செய்வது பெரியப்பா. ஒன்றுமில்லாததற்கு முறுக்கிக்கொண்டு நின்றுவிடுவது கொழுந்தியா. தங்கச்சி, அது நீதான். பரிசோதனை முடிவுகளையெல்லாம் வைத்திருப்பது மாமியார். அதைத் தொட எல்லோருக்கும் பயம். அம்மா, பெயர் வைத்தது நான் இல்லை.

ஆபீசில் நாங்கள் சொந்தம் என்று காட்டிக்கொள்வதில்லை. சொந்தக்காரனைக் கொண்டுவந்து நுழைத்துவிட்டார் என்று பேச்சு வரக்கூடாது என்பது அத்தானின் சட்டம். வீட்டில் அத்தான், வாசல் தாண்டினால் சார். நானும் அவருக்கு "புதுப் பையன்"தான். பஸ்ஸில்கூடத் தள்ளித்தான் உட்காருவோம்.

பேட்ச் போடுகிறவர் அத்தான். போட்டதும் கணக்கில் ஒரு டிக் போடுவார், அவ்வளவுதான். ஆனால் என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவன். டிக் மட்டும் எனக்குப் போதவில்லை. சில பேட்ச் போட்டால் மட்டும் போதாது, சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பினால்தான் வேலை செய்யும். புதுச் சட்டையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டு திரிந்தால் எப்படி? ஒவ்வொரு சட்டைக்கும் ஓர் எண் உண்டு. அதனால் ஒவ்வொரு சர்வரும் இப்போது எந்தச் சட்டையில் இருக்கிறது என்று நானே உள்ளே போய்ப் பார்த்து, டிக் பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன்.

மாமியாருக்கு நேராக வரிசையாக டிக். உள்ளே பார்த்தால் என்றைக்கோ வந்த பழைய எண். இத்தனை காலம் அடைத்ததாக நினைத்த ஓட்டைகளெல்லாம் திறந்தே கிடந்திருக்கின்றன.

அந்த டிக் எல்லாம் அத்தான் போட்டவை. திங்கட்கிழமை மேனேஜரம்மாவிடம் போகும் அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டியவன் நான். என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்று அவர் முடிவு செய்வதும் அன்றைக்குத்தான். ஆனால் வேலையை நினைத்துக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இந்தக் குளிர் ஊரில் நான் வந்து இறங்கிய அன்று அத்தான் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, எனக்குக் குளிரவே இல்லை என்று பல் கிடுகிடுக்கச் சொன்னவர். அவர் முகத்தில் எப்படிக் கரி பூசுவது?

ஆபீசில் அவரிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். நான் தடுமாறத் தடுமாற அவர் முகம் இறுகியது.

"டிக் போட்டது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

அன்றிலிருந்து வீட்டிலும் வாய் திறக்கவில்லை. எனக்குத் துண்டு வேண்டுமென்றால் அக்காவிடம், அவருக்குச் சாவி வேண்டுமென்றாலும் அக்காவிடம். கடைசியில் அவள் பொறுமை போயிற்று. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று கரண்டியை மேசையில் வைத்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அத்தான் பக்கம் திரும்பி, அவன் சொல்றது பொய்யாவே இருக்கட்டும், ஒரு தடவை அணைச்சுப் பார்த்தா என்ன குறைஞ்சுடும் என்று கேட்டாள். அத்தான் கை கழுவப் போய்விட்டார். ஆனால் கூடம் மூடியிருக்கும் சனிக்கிழமை மதியம் மாமியாரை ரீஸ்டார்ட் செய்ய அனுமதி வாங்கியிருந்தார்.

சர்வர் அறையில் குளிர்காற்று காதை அடைத்தது. பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகிவிட்டது. எழும், எழும் என்று பார்க்கிறோம், எழவே இல்லை. அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

"எழுந்திரும்மா," என்று முணுமுணுத்தார். "இனிமே உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசமாட்டேன்."

ஒருவழியாக எழுந்தது. ஓடிப்போய் எண்ணைப் பார்த்தேன். அதே பழைய எண். அணைத்து எழுப்பியும் அதே பழைய சட்டை. நான் சொன்னதே தப்போ, வீணாக ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டேனோ என்று நின்றேன்.

அத்தான்தான் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். எழும்போது எந்தச் சட்டையை எடுக்கவேண்டும் என்று மாமியாருக்குச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதைத் திறந்தார். எந்தப் புதுசு வந்தாலும் இந்தப் பழையதையே எடு என்று யாரோ கட்டிப்போட்டிருந்தார்கள். அதற்கு மேலேயே ஒரு குறிப்பும் இருந்தது: "கல்யாணத்துக்கு ஊருக்குப் போறேன். திரும்பி வந்ததும் இதை எடுத்துடணும்." கீழே அத்தானின் பெயர்.

புதுசு ஏதாவது வந்து, தான் இல்லாத நேரத்தில் சர்வர் படுத்துவிட்டால், மணவறையிலிருந்து எழுந்து ஓடவேண்டி வருமே என்று கட்டிப்போட்டிருக்கிறார். புது மாப்பிள்ளையாகத் திரும்பி வந்தவர் அவிழ்க்க மறந்துவிட்டார்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். சிரிக்கிறார்.

"உங்க அக்காவைக் கட்டிக்கிற அவசரம்டா," என்றார். "வேற ஒண்ணையும் கட்டிப்போட்டிருக்கேன்னு ஞாபகமே வரல."

அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி எழுப்பினோம். இந்தத் தடவை புது எண். அன்றைக்கு பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்காவிடம் சொன்னதற்கு, "அப்ப எல்லாத்துக்கும் நான்தான் காரணமாக்கும்," என்று முறைத்தாள். ஆனால் முகமெல்லாம் வெட்கம்.

திங்கட்கிழமை மேனேஜரம்மாவிடம் அத்தான் ஒன்றையும் மறைக்கவில்லை. கட்டிப்போட்டது நான், மறந்தது நான், தெரியாமல் டிக் போட்டதும் நான் என்றார். அந்தம்மா முகம் கடுகடுத்தது. திறந்து கிடந்த நாட்களில் யாராவது உள்ளே நுழைந்தார்களா என்று அன்று முழுதும் எங்களைத் தேடவைத்தார். நுழைந்த தடயம் எதுவும் கிடைக்கவில்லை. சாயங்காலம் எங்களை மறுபடி கூப்பிட்டு, இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்.

"புதுப் பையன்" என்றுதான் சொல்வார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"என் மச்சான்," என்றார் அத்தான். "என் வீட்டுக்காரியோட கூடப்பிறந்த தம்பி."

மேனேஜரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அத்தான் காதைச் சொறிந்தார். அந்தம்மா பெருமூச்சு விட்டு, "எல்லா சர்வருக்கும் இவரே இப்படிப் பார்க்கட்டும். இனிமே டிக் இவர்தான் போடணும்," என்று என் வேலைக் காகிதத்தில் கையெழுத்திட்டார். நான் இங்கேயே இருக்கிறேன், அம்மா. அத்தானுக்கு நல்ல வசவு கிடைத்தது. ஆனால் வரும் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தார். இப்போது பக்கத்து அறையிலிருந்து, மாமியார் நல்லா இருக்காங்களான்னு கேளு என்று கத்துகிறார். அம்மா, உன்னைத்தான் கேட்கிறார்.

கடைசியாக ஒன்று. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மூலையில் 'மறுபடி தொடங்கவா' என்று கேட்கிறபோதெல்லாம் தங்கச்சி 'பிறகு' என்று அமுக்குவது எனக்குத் தெரியும். இதைப் படிப்பது யாராக இருந்தாலும் சரி, இப்போதே எழுந்துபோய் அதை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். அது எழும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.