தரைக்குத் தாகம்

அக்காவுக்கு ஒரு குணம். தரையில் ஈரத்தைக் கண்டால் துடைக்காமல் இருக்க மாட்டாள். அவள் வீட்டுக்கு நான் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்தபோது அந்தக் குணம்தான் எனக்கு எதிராளியாக நின்றது.

மாமாவுக்கு ஒரு கால் போய்விட்டது. சனிக்கிழமை சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பழைய தரையோ குண்டும் குழியும். சக்கரம் உருளாவிட்டால் மனிதர் கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான். அதை நினைத்து நினைத்தே அக்கா பாதியாகிவிட்டாள். நான் கட்டட வேலையில் கலவை போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை முதுகு வலியைப் பார்க்காமல், கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் ஒரே மட்டமாகப் போட்டு முடித்தேன்.

சாயங்காலம் அக்கா குனிந்து ஓரத்தில் கை வைத்தாள்.

"டேய், என்னடா இது, காய்ச்சல் கண்ட மாதிரி வெதுவெதுன்னு இருக்கு?"

"அப்படித்தான்க்கா இருக்கும். சிமெண்டு தண்ணியோட சேர்ந்து இறுகும்போது சூடு வரும். காலையில தண்ணி கட்டிட்டுப் போறேன். தொட்டுடாதே."

திங்கள் காலை வாசற்படிகளில் களிமண்ணால் வரப்பு வைத்து, விரல் நனையும் அளவுக்குத் தண்ணீர் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்தால் தரை பளிச்சென்று கிடக்கிறது. வரப்பைக் காணோம். பழந்துணி கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

மறுபடி கட்டினேன். மறுபடி துடைத்தாள். புதன்கிழமை மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல். தேய்த்துப் பார்த்தேன், விரலில் மாவாக ஒட்டியது. இப்படியே விட்டால் நாற்காலி நாலு தடவை போய் வந்தாலே பெயர்ந்துவிடும்.

"ஏன்க்கா இப்படிப் பண்றே?"

"நீ ஊத்திக்கிட்டே இருந்தா அது எப்படா காயும்? அவரு சனிக்கிழமை வர்றாரு. ஈரத்துல சக்கரம் வழுக்கி, இருக்கிற காலுக்கும் ஏதாவது ஆச்சுன்னா?"

சண்டை போட வந்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சிமெண்டு காய்ஞ்சு கெட்டியாகுறதில்லைக்கா. தண்ணியைக் குடிச்சுத்தான் கெட்டியாகும். மூட்டையிலேயே போட்டிருக்கான்."

"எழுத்துக் கூட்டிப் படிக்க நேத்துதான் கத்துக்கிட்டாரு, அதுக்குள்ள மூட்டையைப் படிச்சுட்டு எனக்குப் பாடம் நடத்துறாரு தொரை!"

சொல்லிப் பயனில்லை. மிச்சமிருந்த சிமெண்டில் ஒரு பிடி கெட்டியாகக் குழைத்து உருட்டி, அவளுடைய டம்ளரிலேயே போட்டு, மூழ்கும்படி தண்ணீர் ஊற்றினேன்.

"பாவி, என் டம்ளர்டா!"

"காலையில பாரு. கரைஞ்சு சேறாயிருந்தா நீ துடைச்சது சரி."

அன்றிரவு அங்கேயே படுத்துக்கொண்டேன். காலையில் நான் எழுவதற்குள் அவள் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கரண்டிக் காம்பால் உருண்டையைக் குத்தினாள். கல்லைக் குத்தினது மாதிரிச் சத்தம்.

"தண்ணிக்குள்ளேயே கிடந்து கல்லாயிடுச்சேடா!" என்றவள், குரல் இறங்கி, "அப்போ இத்தனை நாளா அதை நான் பட்டினி போட்டிருக்கேனா?" என்றாள்.

அன்றைக்கே சிமெண்டைப் பால் போலக் கரைத்து விரிசலில் தேய்த்து அடைத்தேன். அக்கா வீட்டிலிருந்த சாக்கையெல்லாம் நனைத்து விரித்தாள். அடிக்கொரு தரம் தெளித்தாள். "அந்த ஓரம் வெளுக்குது, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று இப்போது என்னை விரட்டினாள். போதாததற்கு ஆஸ்பத்திரிக்கே போய் மாமாவிடம் சொன்னாள்:

"தரை இன்னும் குடிச்சு முடிக்கலையாம். நீங்க ஒரு வாரம் கழிச்சு வாங்க."

"நான் குடிச்சா மட்டும் ஊரைக் கூட்டுவே," என்றார் மாமா.

அடுத்த சனிக்கிழமை வந்தார். தள்ளுவதற்கு அக்கா கை நீட்டினாள். "விடு" என்று அவரே சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார். எங்கும் இடறவில்லை. கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பிலிருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார்.

"உப்பே இல்லையே!"

"இன்னும் போடவே இல்லை," என்றாள் அக்கா. சொல்லும்போதே என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதியப் பதியப் பிடித்தாள். நான் கையை எடுக்கவில்லை.