சீர்வரிசையில் ஒரு பாட்டு

ஒத்தக்கடை மண்டபத்தில் காலை பதினொன்றாகியும் தாய்மாமன் சீர் வந்து சேரவில்லை. காது குத்த வேண்டிய பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. மேடையில் ஹம்சவேணி கிதாருக்குச் சுருதி சேர்த்தாள். புழுக்கத்தில் கம்பி இறங்கியது. மறுபடி முறுக்கினாள்.

"அண்ணே, இன்னைக்கு என் பாட்டு உண்டுல்ல?"

இசைக்குழுத் தலைவர் அழகுராஜா கீபோர்டின் தூசியை ஊதினார். "பாடுவோம்மா. போன மாசம் மேலூர்ல எம்புட்டுக் கைதட்டு!"

"தட்டுனாங்க. எழுதுனது நீங்கன்னுல்ல சொன்னீங்க. இன்னைக்கு எம் பேரைச் சொல்லணும்."

"லட்டுப் பிடிச்சவன் பேரையா டப்பாவுல போடுறான்? கடைப் பேருலதான் சரக்கு போகும்."

"சரக்கு என்னதுண்ணே."

"அப்பத் தனிக்கடை போடு தாயி."

கப்பலூர் பஞ்சாலையில் இரண்டு வருடம், இந்தக் குழுவில் ஊரார் மெட்டுகளை வாசித்து நாலு வருடம். இடையில் பதினோரு பாட்டுகள் எழுதி, மெட்டும் போட்டிருந்தாள் ஹம்சவேணி. சினிமா வாய்ப்புக்கு அவள் ஏங்கவில்லை. பாட்டு முடிந்த சூட்டோடு ஒரு கூட்டம் தன் பேரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அழகுராஜாவோ, கால் கிலோ புளி வாங்கிவிட்டுக் கடையையே கொசுறாகக் கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வாசலில் வேட்டு வெடித்தது. சீர் வந்துவிட்டது. காளை என்பவர் மைக்கைப் பிடித்தார். அந்த வட்டாரத்து விசேஷங்களில் சீர் வாசிக்கிறவர் அவர்தான். கைக்கு வந்த சீட்டை வாசிப்பார். யார், எவர் என்று விசாரிக்க மாட்டார். ஒரு துண்டு கொண்டுவந்தவன் பேர் விட்டுப்போனாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை அறுந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஹம்சவேணி பாட்டு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, காளையின் கையிலிருந்த சீட்டுகளோடு செருகினாள்.

"தாய்மாமன் வகையறா, கெடா ரெண்டு! சின்ன மாமன், வெங்கல அண்டா ஒண்ணு! அத்தை தமிழ்வாணி, பழத்தட்டு அஞ்சு! ஹம்சவேணி, சொந்தமா எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒண்ணு!"

கூட்டம் சிரித்தது. அழகுராஜா பாய்ந்து வந்தார். "காளையண்ணே, அது தப்பா வந்துருச்சு. இல்லைன்னு சொல்லிருங்க."

"மைக்குல சொன்ன சீரை இல்லைங்கிறதா? எந்த ஊரு வழக்கம்யா அது?"

பிள்ளையின் அப்பா கீழிருந்து குரல் கொடுத்தார். "சபையில சொல்லியாச்சுல்ல. பாட்டை எறக்கி வைக்கச் சொல்லுங்கப்பா!"

ஹம்சவேணி பாடினாள்.

"பஸ்ஸு வருமுன்னே பூ வச்சேன்,
பஞ்சு படிஞ்சு பூ மறைஞ்சுபோச்சு.
எண்ணிப் பார்த்தா எட்டு மணி நேரம்,
என்னப் பார்க்க ஆளில்லாமப் போச்சு."

முன்வரிசையில் பேச்சு நின்றது. மில் வேலைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தி தன்னை அறியாமல் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இரண்டாம் சரணத்தில் அவர்களே தாளம் போட்டார்கள்.

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும் பிள்ளையின் தாத்தா பொன்னாடையோடு மேடையேறினார். பொன்னாடை குழுத் தலைவருக்குத்தான் என்பது அவர் கண்ட முறை. அழகுராஜா கழுத்தை நீட்டிக் கொடுத்து, மைக்கை வாங்கினார். "நன்றி, நன்றி! நம்ம அழகுராஜா குழுவோட சொந்தத் தயாரிப்பு!"

ஹம்சவேணி அவர் முடிக்கக் காத்திருக்கவில்லை. தன் இரண்டாவது பாட்டின் முதல் சுரங்களைக் கிதாரில் ஓங்கி அடித்தாள். அடுத்த வார்த்தை அதில் அமுங்கியது. அழகுராஜா குனிந்து கிதாரின் வயரைப் பிடுங்கினார். அவள் மேடைப் படியை நோக்கித் திரும்பினாள்.

"எறங்கிப் போனேன்னா இனி இந்த மேடை உனக்குக் கெடையாது," என்றார் பல்லைக் கடித்து.

"மேடையை நீங்களே வச்சுக்கங்கண்ணே. பாட்டை நான் கொண்டுக்கிட்டுப் போறேன்."

கிதாரோடு படியிறங்கி முன்வரிசைக்குப் போனாள். ஒலிபெருக்கி இல்லாமல் கம்பிச் சத்தம் மூன்று வரிசைக்குமேல் எட்டவில்லை. பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் உராய இழுத்துக்கொண்டு அவளைச் சுற்றி நெருங்கினார்கள். பின்னாலிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

மேடையில் வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். "அண்ணே, பொன்னாடை நல்லாத் தெரியணும். இங்கிட்டுப் பாருங்க, லேசாச் சிரிங்க."

அழகுராஜா சிரித்தார்.