சோப்புக் கோடு

அக்காவின் பழைய காரில் என்ஜினின் முன்மூடி விரிசல் விட்டிருந்தது. அது அலுமினிய வார்ப்பு. மாற்று மூடி எங்கும் கிடைக்கவில்லை. மாலை வகுப்பில் வெல்டிங் படிக்கும் என்னை நம்பி அதைக் கொண்டுவந்து, பட்டறையில் என் தோளருகே நின்றாள்.

அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. திடீரென்று உருகிச் சரியும். அதனால் வெல்டிங்குக்கு முன் விரிசலோரம் சோப்பால் கோடு இழுத்து, கேஸ் சுடரால் சூடாக்கினேன். கோடு கருத்தால் சூடு போதும் என்பது என் குறிப்பேட்டிலேயே இருக்கிறது; அக்காவிடமும் சொல்லியிருந்தேன். கருத்தது. சுடரின் கரியோ என்ற சந்தேகத்தில் நான் நிறுத்தவில்லை.

“கருத்திருச்சுடா, நிறுத்து!”

“கரியா இருக்கும்க்கா. இன்னும் கொஞ்சம்...”

“இருக்கிறது ஒரே மூடி. கூழாக்கிட்டுத்தான் நம்புவியா?”

சோப்பைப் பிடுங்கி, சுடர் படாத பின்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள். உடனே கருத்தது.

“இங்க எந்தக் கரிடா வந்துச்சு?”

சுடரை அணைத்து, மின் வெல்டிங்கைத் தொடங்கினேன். விரிசல் முழுதும் மூடியது. நான் தயங்கிய நேரத்தில் ஒரு விளிம்பு மட்டும் லேசாகத் தொய்ந்திருந்தது.

“ஆறினதும் அரத்தால ராவிடலாம்க்கா.”

“அரத்தை என்கிட்ட குடு. நீ அளந்து அளந்தே தேச்சுத் தீத்துடுவ.”