தகப்பன் பெயரில் அடித்த காசு

என் பெயர் மேக்சின் பெக். வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு, மண்ணில் புதைந்த பழங்காசு தேடி இங்கிலாந்தின் நார்ஃபோக் வயல்களில் நடப்பேன். எனக்கு வாய் அதிகம் என்று, என்னைப் போலத் தேடுகிறவர்கள் சேர்ந்த எங்கள் சங்கத்தில் சொல்வார்கள். அதிகம்தான். ஆனால் இல்லாததைச் சொல் என்றால் அந்த வாய் திறக்காது.

பார்லி அறுத்து முடிந்த செப்டம்பர். டெஸ்மண்ட் கேதர்கோலின் வயலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தேடிக்கொண்டிருந்தோம். இந்த வட்டாரத்தில் எங்களை உள்ளே விடுகிற ஒரே பெரிய விவசாயி அவர்தான். எவனோ திருட்டுத்தனமாகத் தோண்டிக் குழியை மூடாமல் போனதிலிருந்து மற்றவர்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. டெஸ்மண்டும் கையை விரித்துவிட்டால் சங்கத்துக்குப் பூட்டுதான்.

வேலியோரத்தில் என் கருவி கீச்சென்றது. மண்கட்டியை உடைத்தேன். நகத்தளவு வெள்ளிக்காசு எட்டிப் பார்த்தது. புதிதாக வருகிறவர்கள் ஆசையில் கட்டைவிரலால் தேய்த்து அரசன் மூக்கை அழித்துவிடுவார்கள். நான் பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளி கிடைத்தவர் அங்கேயே ஒரு குத்தாட்டம் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முழங்கால் முனக முனக ஆடினேன்.

சங்கத் தலைவன் நெவில் ஓடிவந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். "ஹென்றி!" என்று கத்தினான். பிறகு இன்னொரு தடவை பார்த்தான். கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன்.

காசில் இருந்த பெயர், எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தை ஆண்ட ஹென்றி அரசருடையதுதான். ஆனால் ஹென்றி செத்த பிறகும் அவர் மகன்கள் தகப்பன் பெயரிலேயே காசு அடித்தார்கள். அதனால் எங்கள் ஆட்கள் பெயரை நம்புவதில்லை, தலைமுடியை எண்ணுவார்கள். ஹென்றி உயிரோடிருந்த காலத்துக் காசில் அரசன் முகத்துக்கு ஒரு பக்கம் இரண்டு முடிச்சுருள், மறுபக்கம் ஐந்து. இதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு புள்ளி. இது இளைய மகன் ஜான் காலத்துக் காசு. கத்துக்குட்டிக்குக்கூடத் தெரிகிற விஷயம்.

வம்பு எங்கே என்றால், டெஸ்மண்டின் கடை வாசலில் பெரிய பலகை நிற்கிறது: 'ஹென்றி அரசர் படையோடு தங்கிய வயல்.' ஜாம் பாட்டிலில்கூட ஹென்றியின் படம். அதைப் பார்த்துத்தான் கார்கள் நிற்கின்றன. நெவிலின் கூச்சல் அவர் காதுக்கு எட்டிவிட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை அறுவடை விருந்தில் ஊர் முன்னால் காசைக் காட்டிவிட்டு, கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாகச் சொன்னார்.

அன்று மாலையே அவர் சமையலறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஹென்றின்னுதானே எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றார்.

"படிக்கத் தெரியும் டெஸ்மண்ட். ஆனா அவரு செத்து வருஷக்கணக்கு ஆனப்புறம் அடிச்ச காசு இது."

"இங்க பாரும்மா. சனிக்கிழமை எழுந்து நின்னு 'இது ஹென்றி காசு'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. வயல்காரன் பங்கு வேண்டாம், காசை நீயே எடுத்துக்கோ, பெட்டியில வைக்க எனக்குப் படம் போதும். மாட்டேன்னா உங்க கூட்டத்துல ஒருத்தர்கூட என் வயல்ல கால் வைக்கக் கூடாது."

நெவில் போனில் கெஞ்சினான். "தாயே, உன் காலப் பிடிக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை. யாருக்கு என்ன நஷ்டம்?"

"நீதான் தலைவர். நீயே சொல்லு."

"கண்டெடுத்தது நீ. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. சாசேஜ் ரோலும் ஆப்பிள் கிரம்பிளும் சாப்பிட்டுவிட்டு ஊரே என்னைப் பார்த்தது. பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? காசை டெஸ்மண்டின் தட்டுக்கு அருகில் வைத்தேன்.

"இது ஜான் காலத்துக் காசு. இந்த வயல்ல யாரோ ஒரு ஏழையோட கையிலேர்ந்து விழுந்திருக்கும். ஹென்றி இங்க வந்தாரான்னு எனக்குத் தெரியாது. வந்தாருன்னு இந்தக் காசு சொல்லல. டெஸ்மண்ட், இதை நீங்களே வச்சுக்குங்க. பெட்டியில ஒட்டுற சீட்டுல மட்டும் ஜான்னு எழுதுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அப்ப ஜாம் பாட்டில்ல இருக்கிற ஆளு யாருப்பா?" என்றார். மண்டபம் சிரித்தது.

டெஸ்மண்ட் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "நெவில், நீ சொல்லு! ஹென்றியா, இல்லையா?"

நெவில் கிரம்பிளைக் கிண்டினான். "அது வந்து... ரெண்டு விதமாவும் சொல்லலாம்."

அவனோடு எத்தனை மழையில் நனைந்திருக்கிறேன்! சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போ வெளியே," என்றார் டெஸ்மண்ட். "உன் ஆளுங்களையும் கூட்டிட்டுப் போ. இனி என் கேட்டைத் தாண்டினா போலீஸைக் கூப்பிடுவேன்."

"போறேன்," என்றேன். தலையைக் குனியவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் நெவில் பின்னாலேயே வந்தான். "திருப்திதானே? ஒரு வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துட்ட. வயலு போச்சு. சங்கமே போச்சு."

"வயல் போச்சு, ஒத்துக்கறேன். எனக்கும்தான் வலிக்குது. ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நாளைக்கு நீ ஒரு காசை எடுத்து, இது இன்ன ராஜா காலம்னு சொல்றேன்னு வை. நான் காசைப் பார்த்து நம்பணுமா, இல்ல அது யாரு வயல்ல கிடைச்சதுன்னு விசாரிச்சுட்டு நம்பணுமா?"

நெவில் சட்டைப்பையில் கார் சாவியைத் தேடினான். அவனுக்குப் பின்னால் நின்றிருந்த சங்கத்து ஆட்கள் இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்தவில்லை. அவனைப் பார்த்தார்கள்.